அரசுப் பள்ளியை அறக்கட்டளையிடம் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?

வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 23 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். விடிந்தால் ஊருக்குள் தனியார் பள்ளி வேன்கள் வரிசையாக வந்து போகின்றன. பக்கத்தில் கல்லூரி நடத்தும் ஓர் அறக்கட்டளை, சம்பளத்தை அரசு கொடுத்தால் பள்ளியைத் தாங்கள் எடுத்து நடத்துவதாகச் சொல்கிறது. கட்டணம் கிடையாதாம். அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளிகள் இப்படித்தான் நடக்கின்றன என்கிறார்கள். இதை ஏன் எதிர்க்கிறார்கள்? பிள்ளைகளுக்கு நல்லது நடந்தால் யார் நடத்தினால் என்ன?"

கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. நான் ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்துத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். ஆசிரியர் ஆசிரியருக்காகத்தானே பேசுவார் என்று நீங்கள் நினைக்க இடமுண்டு. ஆனால் உங்கள் கடைசிக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு விவரமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சார்ட்டர் பள்ளியிலிருந்து தொடங்குகிறேன். அங்கே பணம் அரசுடையது. மாணவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஆனால் நிர்வாகம் உள்ளூர்க் கல்வி வாரியத்திடம் இருக்காது. ஒப்பந்தம் போட்டுக்கொண்ட தனி அமைப்பு நடத்தும். இத்தனை ஆண்டில் இன்ன முன்னேற்றம் காட்டுவோம் என்று எழுதிக் கொடுப்பார்கள். அதற்குப் பதிலாக ஆசிரியர் நியமனம், சம்பளம், வேலை நேரம் போன்ற பல விதிகளிலிருந்து விலக்குக் கிடைக்கும். 1988ல் இந்த யோசனையை நாடு முழுக்கக் கொண்டுபோனவர் ஆல்பர்ட் ஷாங்கர். அவர் முதலாளி இல்லை, அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர். தேறாமல் போகும் பிள்ளைகளுக்குப் புது வழியில் கற்பித்துப் பார்க்க, ஆசிரியர்களே கூடிச் சின்னச் சின்னச் சோதனைப் பள்ளிகள் நடத்தலாம் என்பது அவர் ஆசை. 1991ல் மின்னசோட்டா மாநிலம் முதல் சட்டத்தைப் போட்டது, அடுத்த ஆண்டு முதல் பள்ளி திறந்தது. கொஞ்ச காலத்திலேயே லாப நோக்கமுள்ள நிறுவனங்கள் உள்ளே வர ஆரம்பித்தன. அதைப் பார்த்து ஷாங்கரே அந்த யோசனைக்கு எதிராகப் பேசத் தொடங்கினார்.

பலனே இல்லையா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மையம் 2009ல் வெளியிட்ட ஆய்வில், கணக்குப் பாடத்தில் அக்கம்பக்கத்து அரசுப் பள்ளிகளைவிட நன்றாகச் செய்த சார்ட்டர் பள்ளிகள் 17 சதவீதம், மோசமாகச் செய்தவை 37 சதவீதம். மீதியில் பெரிய வித்தியாசம் இல்லை. அதே மையம் 2023ல் வெளியிட்ட ஆய்வில் சார்ட்டர் பள்ளி மாணவர்கள் சராசரியில் சற்று முன்னே இருந்தார்கள். பாஸ்டன் நகரத்தில் ஏழைப் பிள்ளைகள் நல்ல முன்னேற்றமே கண்டார்கள். எதிர்க்கிறவர்கள் இதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அந்த பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2016ல் சார்ட்டர் பள்ளிகளின் எண்ணிக்கையை உயர்த்தலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நல்ல பலன் தந்த இடத்திலேயே ஏன் வேண்டாம் என்றார்கள்?

முக்கியக் காரணம் பணம். பிள்ளை போனால் அந்தப் பிள்ளைக்கான பணமும் கூடவே போகிறது. உங்கள் ஊருக்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வகுப்பில் 30 பேர், அதில் 5 பேர் போகிறார்கள். பணத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் ஆசிரியரில் ஆறில் ஒரு பங்கைக் குறைக்க முடியுமா? கூரை, கரண்ட், கழிப்பறை, சத்துணவுக் கூடம் எல்லாம் அப்படியேதான் இருக்கும். மிச்சமுள்ள 25 பேருக்கு ஆகும் செலவு குறையாது, வரவு மட்டும் குறையும். அப்புறம் ஓவிய ஆசிரியர் போவார், நூலகம் பூட்டப்படும். அதைப் பார்த்து இன்னும் 5 பேர் கிளம்புவார்கள். போனவர்களுக்கு நல்லது நடந்திருக்கலாம். இருக்கிறவர்கள் தலையில் அந்தச் செலவு விடிகிறது. போன பிள்ளைகளை மட்டும் எண்ணும் ஆய்வில் இது தெரியாது.

இன்னொரு காரணம், ஒப்பந்தக்காரர் எந்த நாளிலும் கடையை மூடிக்கொண்டு போகலாம். ஒகையோ மாநிலத்தில் இணையவழி சார்ட்டர் பள்ளி ஒன்று, இல்லாத வருகைக்கும் சேர்த்து அரசுப் பணம் வாங்கியதாகத் தணிக்கையில் சிக்கி, 2018 ஜனவரியில் படிப்பாண்டின் நடுவிலேயே மூடப்பட்டது. ஏறக்குறைய 12,000 மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். சுவீடன் 1992லிருந்து அரசுப் பணத்தில் தனியார் பள்ளிகளை நடத்த விட்ட நாடு. அங்கே முதலீட்டு நிறுவனம் ஒன்றின் கையிலிருந்த பெரிய பள்ளிக் குழுமம் 2013ல் திவாலாகி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வேறு இடம் தேட வேண்டி வந்தது. உங்கள் ஊர் ஒன்றியப் பள்ளியில் ஓடு உடைந்திருக்கலாம், ஆசிரியர் போதாமல் இருக்கலாம். திவால் ஆகி மூடிவிட்டோம் என்று அதற்குச் சொல்ல முடியாது.

முழு நகரத்தையும் ஒப்படைத்துப் பார்த்த கதை நியூ ஆர்லியன்ஸ். 2005ல் கத்ரீனா புயல் அடித்து ஊரே தண்ணீரில் மூழ்கியது. அந்த நேரத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி ஊழியர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பிறகு பள்ளிகள் ஒவ்வொன்றாக சார்ட்டராகி, சில ஆண்டுகளுக்கு முன்பு அநேகமாக எல்லாமே சார்ட்டர் என்ற நிலை வந்தது. மதிப்பெண்ணும் தேர்ச்சியும் கூடின, உண்மைதான். கூடவே பள்ளிகள் திறப்பதும் மூடுவதும் வாடிக்கையானது. பக்கத்துத் தெருப் பள்ளி என்பதே போய், பிள்ளைகள் ஊரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பஸ்ஸில் போனார்கள். குறை சொல்லப் போனால் அந்தந்தப் பள்ளியின், மக்கள் தேர்ந்தெடுக்காத நிர்வாக வாரியத்திடம் போ என்றார்கள். கடைசியில் 2024ல் அந்த ஊர் மறுபடியும் தானே நேரடியாக நடத்தும் பள்ளி ஒன்றைத் திறந்திருக்கிறது.

அமெரிக்கா கிடக்கட்டும், நம் பக்கம் வருவோம். பள்ளியைச் சந்தையிடம் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கொங்கு நாட்டைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. நாமக்கல்லைச் சுற்றி விடுதியோடு கூடிய பள்ளிகள் எழும்பி, மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்த காலம் நினைவிருக்கும். கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன அந்த ஊர்ப் பள்ளிகளைப் பிராய்லர் பள்ளி என்றே சொல்வார்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடம், பிளஸ் ஒன்னில் பிளஸ் டூ பாடம். ஒரே பாடத்தை இரண்டு வருடம் உருப்போட்டு 1200க்கு 1190 வாங்குவார்கள். அந்தப் பிள்ளைகள் பொறியியல் கல்லூரிக்குப் போனதும் பிளஸ் ஒன் கணக்கு தெரியாமல் முழித்ததைக் கல்லூரி ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதைத் தடுக்கத்தான் 2017ல் தமிழக அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது, பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. பிறகு 2025ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. பழைய வழக்கம் திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு.

சார்ட்டருக்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. பள்ளி பிழைப்பது மதிப்பெண்ணால் என்று ஆகிவிட்டால், மதிப்பெண் வராத பிள்ளை பள்ளிக்குச் சுமையாகிவிடுகிறது. நியூயார்க்கில் ஒரு சார்ட்டர் பள்ளியில் போய்த் தீர வேண்டியவர்கள் என்று 16 குழந்தைகளின் பெயர்ப் பட்டியலே வைத்திருந்தது 2015ல் வெளியே வந்தது. எங்கள் பக்கம் பட்டியல் எழுதத் தேவையில்லை. ஒன்பதாவது முழுஆண்டு முடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, "உங்க பையனுக்கு இங்க செட் ஆகலைங்க, டிசி வாங்கிக்கங்க" என்பார்கள். அந்தப் பள்ளிக்குப் பத்தாவதில் நூறு சதவீதம் தேர்ச்சி. அந்தப் பையன் ஜூன் மாதம் அரசுப் பள்ளி வாசலில் நிற்பான். நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் ஒவ்வொரு ஜூனிலும் இப்படிக் கீழ் வகுப்புகளிலிருந்து அனுப்பப்பட்டு வந்து நின்ற பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குச் சட்டத்தில் இடமில்லை, சொல்லவும் தோன்றியதில்லை.

உங்கள் கேள்விக்கு என்னுடைய முக்கியமான பதிலே இதுதான். அரசுப் பள்ளிக்கு எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பும் உரிமை கிடையாது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறவர்கள் கல்வியாண்டைப் பார்த்தா வருகிறார்கள்? தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு நவம்பரில் வருவார்கள், பொங்கல் கழித்து வருவார்கள். கையில் டிசி இருக்காது, பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. கல்வி உரிமைச் சட்டப்படி எந்த மாதத்தில் வந்தாலும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், அரசுப் பள்ளி சேர்க்கிறது. தாளவாடி மலையில் வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளை, பர்கூர் மலையில் ஆடு மேய்க்கப் போய்விட்டு இரண்டு மாதம் கழித்து வரும் பிள்ளை, செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை, காது கேளாத பிள்ளை, இவர்களையெல்லாம் வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த தேர்ச்சியை யாரும் காட்ட முடியாது. அறக்கட்டளைக்காரர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை அடுத்த முறை புதுப்பிக்க வேண்டுமே என்ற கவலை நல்லவரையும் அந்தப் பக்கம்தான் தள்ளும்.

"நம் பக்கத்தில் தனியார் கொடையால்தானே பள்ளிகளே வந்தன?" என்று கேட்பீர்கள். ஆமாம். பீளமேடு சர்வஜன பள்ளி, கோபி வைரவிழாப் பள்ளி, 1930ல் அவினாசிலிங்கம் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் என்று பெரிய வரிசை இருக்கிறது. தனியார் நடத்த, அரசு சம்பளம் கொடுக்கும் உதவி பெறும் பள்ளிகள் என்பது நமக்கு நன்றாகப் பழகிய ஏற்பாடு. ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பள்ளி இல்லாத இடத்தில் தங்கள் நிலத்தையும் பணத்தையும் போட்டுப் புதிதாகக் கட்டினார்கள். இருந்த அரசுப் பள்ளியின் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராகவும் காமராஜர் முதல்வராகவும் இருந்த காலத்தில், 1958லிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. மக்கள் மேசை, நாற்காலி, கட்டடம், நிலம் என்று கொடுத்தார்கள். கொடுத்தது ஊர், நடத்தியது அரசு. அதற்கு முன் 1953ல் ராஜாஜி அரை நாள் பள்ளி, மீதி நேரம் குலத்தொழில் என்று கொண்டுவந்தபோது ஈரோட்டுக்காரரான பெரியார் தெருவில் இறங்கி எதிர்த்தார். அடுத்த ஆண்டே அந்தத் திட்டம் போனது. பள்ளியில் யார் எவ்வளவு படிக்கலாம் என்பதை மக்கள் கேட்டு மாற்ற முடிந்தது, அது அரசின் கையில் இருந்ததால்தான்.

உதவி பெறும் பள்ளிகளின் இன்றைய நிலையையும் கொஞ்சம் பாருங்கள், எனக்கு வருத்தமான விஷயம் இது. பல இடங்களில் ஒரே கேட்டுக்குள் இரண்டு பள்ளிகள் நடக்கின்றன. ஒரு பக்கம் அரசு சம்பளத்தில் கட்டணமில்லாத தமிழ் வழி. மறு பக்கம் சுயநிதிப் பிரிவு என்று ஆங்கில வழி, அதற்குக் கட்டணம். புதுப் பெயிண்டும் கம்ப்யூட்டரும் எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இலவசப் பிரிவில் சேர்க்கை தேய்கிறது, தேய்ந்த பிறகு பணியிடம் உபரி என்று போகிறது. சட்டப்படி எதுவும் விற்கப்படவில்லை. ஆனால் முப்பது வருடத்தில் கட்டணமில்லாத பள்ளி கட்டணப் பள்ளியாகிவிடுகிறது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வரும் அறக்கட்டளை இன்றைக்குக் கட்டணம் இல்லை என்பதை நான் நம்புகிறேன். இருபது வருடம் கழித்து அதன் பொறுப்பில் யார் இருப்பார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

சலுகைகள் விஷயமும் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 2020லிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு. அடுத்த ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு அது கிடையாது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஊரக உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024ல்தான் வந்தது. உங்களுடையது தொடக்கப் பள்ளி, 7.5 இப்போது தொடாது. ஆனால் இன்றைக்கு ஒன்றியத் தொடக்கப் பள்ளியைக் கொடுத்தால் நாளைக்கு உயர்நிலைப் பள்ளியைக் கேட்பார்கள். ஒப்பந்தப் பள்ளி அரசுப் பள்ளியா இல்லையா என்று அன்றைக்கு ஒரு வழக்கு நடக்கும். அந்த வழக்கு முடியும்வரை பிள்ளை காத்திருக்காது.

இது வெறும் கற்பனைப் பயம் என்று நினைக்க வேண்டாம். 2020 தேசியக் கல்விக் கொள்கை கொடையாளர்–அரசு கூட்டுப் பள்ளிகளை முன்னோடியாக நடத்திப் பார்க்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ராஜஸ்தானில் 2017ல் 300 அரசுப் பள்ளிகளைத் தனியாரோடு சேர்ந்து நடத்தத் திட்டம் போட்டார்கள், ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் எதிர்க்கவே கிடப்பில் போனது. நம் மாநிலத்திலேயே 2024 கடைசியில் 500 அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிகள் தத்தெடுக்கப் போவதாகச் செய்தி வந்து பெரிய சத்தம் எழுந்தது. அப்படி எதுவும் இல்லை என்று அமைச்சர் மறுத்தார். சத்தம் எழுந்தது நல்லதுதான்.

ஒப்படைக்காமலே தனியார்மயம் நடக்கும் வழிகளும் உண்டு. 2012ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். ஓவியம், தையல், விளையாட்டு, கணினி கற்பிக்கிறவர்கள். ஊதியம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தாலும், நிரந்தரம் கேட்டு வருடக்கணக்கில் போராடினார்கள். இன்னொன்று, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடம். ஏழைப் பிள்ளை தனியார் பள்ளியில் சேரலாம், கட்டணத்தை அரசு கட்டும். வாங்குகிற குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் போகும் ஊரில்தான் ஒன்றியப் பள்ளியில் ஒரு ஆசிரியர் மூன்று வகுப்பைச் சேர்த்து வைத்துப் பாடம் நடத்துகிறார். சிலி நாடு 1981லிருந்து இதே மாதிரி பிள்ளையின் பின்னால் பணத்தை அனுப்பியது. பணக்காரப் பிள்ளை ஒரு பள்ளி, ஏழைப் பிள்ளை ஒரு பள்ளி என்று நாடே பிரிந்து, 2006லும் 2011லும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசுப் பணம் வாங்கும் பள்ளி லாபம் பார்க்கக் கூடாது, பிள்ளையைப் பொறுக்கி எடுக்கக் கூடாது என்று 2015ல் சட்டம் போட வேண்டியதாயிற்று.

சரி, உங்கள் 23 பிள்ளைகளுக்கு என்ன வழி?

பிள்ளைகள் ஏன் போகிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் போவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் மூன்றரை வயதில் எல்கேஜிக்குப் போய்விடுகிறார்கள். வேன் வீட்டு வாசலுக்கு வருகிறது, தறிக்கோ மில்லுக்கோ போகிற அம்மாவுக்கு அது பெரிய உதவி. இரண்டு வருடம் பணம் கட்டிப் படித்த பிள்ளையை ஐந்து வயதில் யாரும் ஒன்றியப் பள்ளிக்கு மாற்ற மாட்டார்கள். 2019ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். உங்கள் பள்ளி மாதிரியான தொடக்கப் பள்ளிகள் அதில் விட்டுப்போயின. உங்கள் ஊருக்கும் அதைக் கேளுங்கள். அறக்கட்டளையிடம் பள்ளியைக் கொடுப்பதைவிட இது நேரடியாகச் சேர்க்கையைக் கூட்டும்.

அப்புறம் அறக்கட்டளையின் நல்லெண்ணத்தை வீணாக்காதீர்கள். சுற்றுச்சுவர், கழிப்பறை, ஒரு வகுப்பறை, மாலைவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏற்பாடு என்று அவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் வழியாகவே பணமாகவோ பொருளாகவோ கொடுக்கலாம். கல்வெட்டில் பேர் போட்டுக்கொள்ளட்டும். நியமனம், சேர்க்கை, தேர்வு, டிசி இந்த நான்கிலும் அவர்கள் கை வரக் கூடாது. நிர்வாகத்தைக் கொடுத்தால்தான் பணம் தருவோம் என்றால், அவர்களுக்கு வேண்டியது வேறு என்று புரிந்துகொள்ளலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் சட்டப்படி நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். பல ஊர்களில் அது கையெழுத்துப் போடும் குழுவாகவே இருக்கிறது. உங்கள் ஊரில் அதைக் கூட்டி, மூன்றாவது ஆசிரியர், எல்கேஜி, காலி இடம் இத்தனை நாளாக நிரப்பவில்லை என்ற விவரம், இவை எல்லாவற்றையும் தீர்மானமாக எழுதி வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் அதே தீர்மானத்தை அடுத்த கிராம சபையில் வையுங்கள். ஆகஸ்ட் 15ம் அக்டோபர் 2ம் கட்டாயம் கூடும். வேன் அனுப்புகிற வீட்டுக்காரர்களையும் அன்றைக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கட்ட முடியாத வருடம் அவர்கள் பிள்ளைகளும் இந்தப் பள்ளிக்குத்தான் வரும். கொரோனா காலத்தில் மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான பிள்ளைகள் அப்படித்தான் வந்தார்கள். தீர்மான வாசகம் எழுத உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.